எண்ணெய்த் தீயும் தொழிலாளியின் துணிவும்

பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள நம் குடும்பத்துப் பிள்ளைகளில் பலர் இன்று வலையை மட்டும் நம்பி இல்லை. ஏரியில் மீன் குறையும் மாதங்களிலும், கடலுக்குப் போக முடியாத நாட்களிலும் காட்டுப்பள்ளி, எண்ணூர், அத்திப்பட்டு, மணலி என்று தெற்கே வேலைக்குப் போகிறார்கள். அங்கே துறைமுகங்களும் அனல்மின் நிலையங்களும் இருக்கின்றன. கப்பலில் வரும் திரவ இயற்கை எரிவாயுவை இறக்கும் முனையம், கச்சா எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, பெட்ரோல், டீசல் சேமிப்புத் தொட்டிகள் எல்லாம் அந்தப் பக்கம்தான். நம் பிள்ளைகள் வெல்டிங் உதவியாளராகவும், பெயின்ட் அடிப்பவராகவும், சாரம் கட்டுபவராகவும், லாரி கிளீனராகவும் அங்கே போய் வருகிறார்கள். பெரும்பாலும் ஒப்பந்தக்காரர் மூலம் கிடைக்கிற வேலைதான்.

அப்படிப்பட்ட இடத்தில் ஒரு நாள் தீப்பிடித்தால், அங்கே நிற்கும் சாதாரணத் தொழிலாளி என்ன செய்ய வேண்டும்? எது துணிவு, எது உயிரை வீணாக விடுவது? பிறரைக் காப்பாற்றப் போய் அவர் காயம்பட்டால் அவர் வீட்டுக்கு யார் பொறுப்பு? இந்த மூன்று கேள்விகளுக்கும் நடந்த சம்பவங்களை வைத்தும், இருக்கிற சட்டத்தை வைத்தும் இந்தக் கட்டுரையில் விளக்கம் தருகிறோம்.

திருவள்ளூரில் நடந்தது

2025 ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலை ஐந்தரை மணி அளவில், நம் மாவட்டத் தலைநகரான திருவள்ளூர் ரயில் நிலையத்துக்கு அருகில் டீசல் ஏற்றிச் சென்ற சரக்கு ரயில் ஒன்று தடம் புரண்டு தீப்பிடித்தது. அந்த ரயிலில் 52 டேங்கர் பெட்டிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் பல்லாயிரம் லிட்டர் டீசல். தீ ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்குத் தாவி 18 பெட்டிகள் எரிந்தன. கரும்புகை பல மைல் தூரத்துக்குத் தெரிந்தது. தண்டவாளத்தை ஒட்டியே குடியிருப்புகள் இருந்தும், அன்று ஓர் உயிர்கூடப் போகவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

இது எப்படி நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். ரயிலுக்கு மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம். அது துண்டிக்கப்படாமல் யாரும் தண்ணீர்க் குழாயோடு அருகில் போக முடியாது. அதைத் துண்டித்தார்கள். எதிரும் பின்னும் வரவேண்டிய ரயில்களை ஆங்காங்கே நிறுத்தினார்கள். பக்கத்துத் தெருக்களில் வீடு வீடாகப் போய் மக்களை வெளியேற்றி, அடுப்படியில் இருந்த கேஸ் சிலிண்டர்களையும் அப்புறப்படுத்தினார்கள். எரியாமல் நின்ற பெட்டிகளைக் கழற்றி, இழுத்துத் தள்ளி நிறுத்தினார்கள். அதன் பிறகுதான் தீயணைப்பு வீரர்கள் நுரையைப் பீய்ச்சிப் பல மணி நேரம் போராடித் தீயைக் கட்டுக்குள் கொண்டுவந்தார்கள்.

இவற்றில் பெரும்பாலானவை ரயில்வேயின் சாதாரண ஊழியர்களும், காவலர்களும், தீயணைப்புத் துறையினரும் செய்த வேலைகள். எரியும் டேங்கர்களின் அனல் மேலே அடிக்க, எரியாத பெட்டியின் இணைப்பைக் கழற்றுவது சின்ன விஷயமா? அந்தப் பெட்டிகளை அப்படியே விட்டிருந்தால் 18 என்ற எண்ணிக்கை எங்கே போய் நின்றிருக்கும்? ஆனால் அவர்களில் யாரும் கொழுந்துவிட்டு எரியும் பெட்டியை அணைக்க வெறுங்கையோடு ஓடவில்லை. தீ எதைத் தின்று வளருமோ, அதை அதன் வாயிலிருந்து பிடுங்கினார்கள். எண்ணெய்த் தீயில் துணிவு என்பதற்கு இதுதான் பொருள்.

எண்ணெய்த் தீ எப்படிப் பரவுகிறது

விறகோ ஓலையோ எரிந்தால் தண்ணீர் ஊற்றி அணைக்கலாம். எண்ணெய் அப்படி அல்ல. எண்ணெய் தண்ணீரைவிட லேசானது. எரியும் எண்ணெயில் வாளித் தண்ணீரைக் கொட்டினால், தண்ணீர் அடியில் போகும். எண்ணெய் அதன்மேல் மிதந்து, எரிந்துகொண்டே பரவும். நன்றாகக் கொதித்த எண்ணெயாக இருந்தால் தண்ணீர் அதற்குள் ஆவியாகி, தீயை முகத்தில் வாரி இறைக்கும். அதனால்தான் எண்ணெய்த் தீக்கு நுரை தேவைப்படுகிறது. நுரை எண்ணெயின் மேல் போர்வைபோலப் படர்ந்து காற்றைத் தடுக்கிறது. தீயணைப்பு வீரர்கள் தொட்டிகள்மேல் தண்ணீர் அடிப்பதை நாம் பார்த்திருப்போம். அது பெரும்பாலும் பக்கத்தில் நிற்கும், இன்னும் எரியாத தொட்டிகளைக் குளிர்விப்பதற்காக.

இரண்டாவது, எண்ணெயைவிட அதன் ஆவிதான் முதலில் பற்றுகிறது. டீசலும் மண்ணெண்ணெயும் ஓரளவு சூடேறினால்தான் பற்றும் அளவுக்கு ஆவி விடும். பெட்ரோல் எந்த நேரமும் ஆவி விட்டுக்கொண்டே இருக்கும். பெட்ரோல் ஆவியும் சமையல் கேஸும் காற்றைவிடக் கனமானவை. மேலே பறந்து கலைந்து போகாமல் தரையோடு தரையாகத் தவழ்ந்து, பள்ளத்திலும் சாக்கடையிலும் தேங்கி நிற்கும். கசிவு ஓரிடத்தில் இருக்க, அதற்குத் தீப்பொறி வெகுதூரத்தில் நிற்கும் ஒரு மோட்டார் சைக்கிளிலிருந்து வரலாம்.

மூன்றாவது, இந்த ஆவி மூச்சையும் அடைக்கும். இதை அறியாமல் போவதால்தான் பல நல்ல மனிதர்கள் இறக்கிறார்கள்.

ஜெய்ப்பூர் தந்த பாடம்

2009 அக்டோபர் 29 அன்று மாலை, ராஜஸ்தான் மாநிலம் ஜெய்ப்பூரை அடுத்த சீதாபுராவில், இந்தியன் ஆயில் நிறுவனத்தின் சேமிப்பு நிலையத்தில் பெட்ரோலைக் குழாய் வழியாக அனுப்பும் வேலைக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தார்கள். வால்வு ஒன்றின் வழியாகப் பெட்ரோல் ஊற்றுபோலப் பீய்ச்சியடித்தது. அங்கே நின்ற தொழிலாளியை ஆவி சூழ்ந்தது. அவரைக் காப்பாற்ற ஓடியவர்களையும் அதே ஆவி தாக்கியது. தொலைவிலிருந்தே தொட்டியின் வால்வை மூடும் வசதி வேலை செய்யும் நிலையில் இல்லை. மூச்சுக்கருவி மாட்டிக்கொண்டு உள்ளே போய் அதை மூட ஆளும் இல்லை. ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம் பெட்ரோல் கொட்டியது. பிறகு எங்கோ ஒரு பொறி பட்டு, அந்த வளாகமே வெடித்தது. 11 பேர் இறந்தார்கள். தீ நாள் கணக்கில் எரிந்து, எரிபொருள் தீர்ந்த பிறகுதான் அடங்கியது.

தோழர் விழுந்து கிடக்கும்போது அவரைத் தூக்க ஓடியவர்களின் மனத்தை நாம் குறை சொல்ல முடியாது. அது மனிதனின் ஆக உயர்ந்த குணம். ஆனால் அந்த மனத்துக்குத் துணையாக ஒரு மூச்சுக்கருவியும், ஒரு பயிற்சியும், வேலை செய்யும் ஒரு வால்வும் இருந்திருக்க வேண்டும். இவற்றைக் கொடுக்க வேண்டியது நிர்வாகத்தின் கடமை. ஒரு தொழிலாளியின் துணிவை நம்பித் தொழிற்சாலை நடத்தக்கூடாது.

எனவே நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித் தரவேண்டியது இதுதான். வாயு கசியும் இடத்தில் ஒருவர் மயங்கி விழுந்தால், அவர் பின்னாலேயே ஓடாதீர்கள். முதலில் சத்தம் போட்டு எச்சரியுங்கள். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பாருங்கள். அந்தப் பகுதிக்குப் போகும் எண்ணெயை அடைக்கச் சொல்லுங்கள். மூச்சுக்கருவி உள்ளவரை அனுப்பச் சொல்லுங்கள். கேட்பதற்குக் கல்நெஞ்சம்போலத் தோன்றும். ஆனால் விழுந்தவரையும் சேர்த்துக் காப்பாற்றும் வழி இதுதான்.

கொடுங்கையூரில் வேடிக்கை பார்த்தவர்கள்

வடசென்னைக் கொடுங்கையூரில் 2017 ஜூலை 15 இரவு ஒரு பேக்கரியில் தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர்கள் வந்து வேலையில் இறங்கியிருந்தபோது உள்ளே இருந்த கேஸ் சிலிண்டர் வெடித்தது. தீயணைப்பு வீரர் ஏகராஜ் உயிரிழந்தார். ஏறக்குறைய ஐம்பது பேர் காயமடைந்தார்கள். அவர்களில் பலர் அந்தக் கடை ஊழியர்களும் இல்லை, தீயணைக்க வந்தவர்களும் இல்லை. தெருவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள்.

இன்று எங்கே தீ எரிந்தாலும் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு கூட்டம் கூடுகிறது. கூட்டம் கூடும்போது வண்டிக்கு வழி அடைபடுகிறது. காப்பாற்ற வந்தவரின் பாதி கவனம் கூட்டத்தைத் தள்ளுவதில் போகிறது. ஒரு தீயின் முன்னால் நம்மில் பெரும்பாலோர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, விலகி நிற்பதும் பிறரை விலக்குவதும்தான். அதைச் செய்யவும் தைரியம் வேண்டும். பத்துப் பேர் எட்டிப் பார்க்கும் இடத்தில் ஒருவர் கையை விரித்து, "போங்கப்பா, பின்னால போங்க" என்று அதட்டினால் அவரும் உயிர் காத்தவரே.

ஆபத்திலிருந்து மக்களை விலக்குவதற்கு நம் நாட்டில் மறக்க முடியாத ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1984 டிசம்பர் 2 நள்ளிரவு போபாலில் விஷவாயு கசிந்தபோது, ரயில் நிலையத்தில் துணைக் கண்காணிப்பாளராகப் பணியில் இருந்தவர் குலாம் தஸ்தகீர். அது எண்ணெய்த் தீ அல்ல; ஆனால் கண்ணும் தொண்டையும் எரிய, பயணிகள் நிறைந்த ரயில் ஒன்று நடைமேடையில் நிற்க, அவர் செய்தது திருவள்ளூரில் பெட்டிகளைக் கழற்றியவர்கள் செய்ததைப் போன்றதுதான். மேலதிகாரியின் உத்தரவுக்குக் காத்திராமல், நேரத்துக்கு முன்பே அந்த ரயிலைப் புறப்படச் செய்தார். போபாலுக்கு வரவிருந்த ரயில்களை நிறுத்தும்படி பக்கத்து நிலையங்களுக்குத் தகவல் கொடுத்தார். தம் குடும்பம் அதே ஊரில் இருந்தும் பணியிடத்தை விட்டுப் போகவில்லை. அந்தக் கோரத்தில் அவருடைய மகன் ஒருவர் இறந்தார். தஸ்தகீரும் வாயுவின் பாதிப்போடு வாழ்ந்து 2003-ல் காலமானார். அன்று அவர் கையில் இருந்தது ஒரு கொடியும் ஒரு தொலைபேசியும் தன் வேலையைப் பற்றிய அறிவும் மட்டுமே.

காயம்பட்டால் யார் பொறுப்பு

இனி, வீட்டில் உள்ள பெரியவர்களும் பெண்களும் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதிக்கு வருகிறோம்.

தீ விபத்தில் பிறரைக் காப்பாற்றப் போய்க் காயம்பட்ட தொழிலாளியின் குடும்பத்திடம், "அது அவர் வேலை இல்லையே, அவராகத்தானே போனார்" என்று யாராவது சொல்லக்கூடும். கேட்டவர்கள் அதை நம்பித் திரும்பிவிடவும் கூடும். ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

1948-ம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்தில், அதாவது நாம் இ.எஸ்.ஐ. என்று சொல்லும் சட்டத்தில், 51-டி என்று ஒரு பிரிவு உண்டு. வேலை செய்யும் வளாகத்தில் அவசர நிலை ஏற்பட்டு, ஆபத்தில் இருப்பவரைக் காப்பாற்றவோ, பெரிய பொருட்சேதத்தைத் தடுக்கவோ காப்பீடு பெற்ற தொழிலாளி முயன்றபோது விபத்துக்கு ஆளானால், அது வேலையின்போது, வேலையின் காரணமாக நேர்ந்த விபத்தாகவே கருதப்படும் என்பது அதன் சாரம். ஆபத்து இருப்பதாக அவர் நினைத்துப் போயிருந்தாலும் போதும். தோழரைத் தூக்க ஓடியவரின் ஓட்டத்தையும் சட்டம் வேலையாகவே கணக்கில் வைக்கிறது.

இ.எஸ்.ஐ.-யில் சேர்ந்த தொழிலாளி வேலை விபத்தில் இறந்தால், அவரைச் சார்ந்திருந்த மனைவி, பிள்ளைகள் உள்ளிட்டோருக்கு அவருடைய ஊதியத்தில் 90 சதவீதம் என்ற அளவில் மாதந்தோறும் உதவித்தொகை பிரித்துத் தரப்படும். காயம்பட்டு வேலைக்குப் போக முடியாத காலத்துக்கும் அதே அளவு உண்டு. மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் இதில் வருவார்கள். ஒப்பந்தக்காரர் மூலம் வேலை செய்கிறவரானாலும், அவருக்கான சந்தாவைக் கட்டும் பொறுப்பு முதன்மை முதலாளிக்கே உண்டு.

இ.எஸ்.ஐ. வராத வேலை இடங்களுக்கு 1923-ம் ஆண்டிலிருந்தே இழப்பீட்டுச் சட்டம் இருக்கிறது. இறப்போ நிரந்தர முழு ஊனமோ ஏற்பட்டால், "தொழிலாளி கவனக்குறைவாக இருந்தார்" என்று சொல்லி முதலாளி தப்ப முடியாது. ஒப்பந்தத் தொழிலாளிக்கும் முதன்மை முதலாளி பொறுப்பாவார். இறப்புக்கான இழப்பீட்டை அதற்குரிய ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். வீட்டுக்கு வந்து ஒரு தொகையைக் கையில் கொடுத்துவிட்டுக் கணக்கை முடிக்க முடியாது. எனவே துக்க வீட்டில் யார் எந்தத் தாளை நீட்டினாலும் படித்துப் பார்க்காமல் கையெழுத்தோ கைரேகையோ வைக்காதீர்கள். இந்தச் சட்டத்தில் மனுச் செய்ய இரண்டு ஆண்டுகள் அவகாசம் இருந்து வந்தது. ஆனாலும் தள்ளிப் போடாதீர்கள்.

இந்தப் பழைய சட்டங்கள் இப்போது 2020-ம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டுள்ளன. பிரிவு எண்கள் மாறும் என்பதால், மனு எழுதும்போது தொழிலாளர் துறை அலுவலகத்திலோ ஒரு வழக்கறிஞரிடமோ கேட்டு எழுதுங்கள்.

ஆலையில் வேலை செய்யாத வெளியாட்கள், உதாரணமாக அக்கம்பக்கத்தில் குடியிருப்போர், ஆபத்தான பொருளால் நேர்ந்த விபத்தில் பாதிக்கப்பட்டால் 1991-ம் ஆண்டின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியரிடம் நிவாரணம் கோரலாம். யார்மேல் தவறு என்று நிரூபிக்க வேண்டியதில்லை.

துணிவுக்கு மரியாதையும் உண்டு. உயிர் காத்தவர்களுக்காக மத்திய அரசு 1961 முதல் ஜீவன் ரக்ஷா பதக்கங்களை மூன்று நிலைகளில் வழங்கி வருகிறது. தமிழக அரசு குடியரசு நாளில் வீரதீரச் செயலுக்கான அண்ணா பதக்கத்தைத் தருகிறது. இவை படித்தவர்களுக்கும் பதவியில் உள்ளவர்களுக்கும் மட்டும் உரியவை அல்ல. ஆனால் நம் ஊரில் ஒருவர் செய்த நற்செயலை நாமே எழுதி ஆட்சியர் அலுவலகத்தில் கொடுக்காவிட்டால் அது யாருக்கும் தெரியாமலே போகும். செய்தவர் தாமாகக் கேட்கமாட்டார். ஜமாஅத்தும் ஊர்ப் பஞ்சாயத்தும் கேட்க வேண்டும்.

நம் குப்பங்களிலும் எண்ணெய் உண்டு

பெரிய தொட்டிகள் தெற்கே இருந்தாலும், சின்னத் தொட்டிகள் நம் வீட்டு வாசலிலேயே இருக்கின்றன. படகுக்கு வாங்கிய டீசலும் மண்ணெண்ணெயும் கேன்களில் வீட்டில் இருக்கின்றன. மண்ணெண்ணெயில் ஓடும் இன்ஜினையும் முதலில் பெட்ரோல் விட்டுத்தான் கிளப்புகிறோம். அதனால் ஒரு சிறிய கேன் பெட்ரோலும் பக்கத்திலேயே இருக்கும். அதே வீட்டில் கேஸ் அடுப்பும், பெண்கள் கூடை முடையக் காயவைத்த பனையோலைக் கட்டும், நைலான் வலையும் இருக்கும். பற்றினால் நின்று யோசிக்க நேரம் தராத பொருட்கள் இவை. தீயணைப்பு வண்டி பொன்னேரியிலிருந்து வர நேரமாகும். சில குப்பங்களின் சந்துகளுக்குள் அது நுழையவும் முடியாது. முதல் சில நிமிடங்கள் நம் கையில்தான் இருக்கின்றன.

ஆகவே சில பழக்கங்களைக் கைக்கொள்வோம்.

எரிபொருள் கேன்களை அடுப்புள்ள அறையில் வைக்க வேண்டாம். காற்றோட்டமான நிழலில், மூடியை இறுக்கி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். குடிதண்ணீர் பாட்டிலில் பெட்ரோலை ஊற்றி வைக்கவே கூடாது.

படகில் இன்ஜினை நிறுத்தி, சூடு ஆறிய பிறகு எண்ணெய் ஊற்றுங்கள். அப்போது பீடியும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம். சிந்திய எண்ணெயைத் துணியால் துடைத்த பிறகே இன்ஜினைக் கிளப்புங்கள்.

எண்ணெய் பற்றினால் தண்ணீர் ஊற்றாதீர்கள். நம்மிடம் மணலுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு படகிலும், ஒவ்வொரு எரிபொருள் வைக்கும் இடத்திலும் ஒரு வாளி உலர்ந்த மணல் இருக்கட்டும். சட்டியில் பற்றிய எண்ணெயைத் தட்டு போட்டு மூடி, அடுப்பை அணையுங்கள்.

கேஸ் வாடை வந்தால் சுவிட்சைத் தொடாதீர்கள். போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, வெளியே வந்த பிறகு கைப்பேசியில் 1906 எண்ணை அழையுங்கள். தீயணைப்புக்கு 101, ஆம்புலன்சுக்கு 108, எந்த அவசரத்துக்கும் 112, கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் படையின் 1554. இந்த எண்களைப் பள்ளிவாசல் பலகையிலும், வலை பின்னும் கூடத்திலும், ஐஸ் கடையிலும் பெரிய எழுத்தில் எழுதி வைப்போம்.

உடையில் தீப்பற்றியவர் ஓடினால் தீ வளரும். அவரைத் தரையில் படுக்க வைத்து உருட்டுங்கள். கனமான பருத்திப் போர்வையால் மூடுங்கள். வெந்த இடத்தில் குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் மெதுவாக ஓடவிடுங்கள். பேஸ்ட், மாவு, மை, எண்ணெய் எதையும் பூச வேண்டாம்.

வேலைக்குப் போகும் பிள்ளைக்கு

சகோதரர்களே, தாய்மார்களே! ஆலை வேலைக்கும் துறைமுக வேலைக்கும் போகும் உங்கள் பிள்ளையிடம் இந்த வாரமே ஐந்து விஷயங்களைக் கேட்டு, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எந்த வளாகத்துக்குள் வேலை செய்கிறாய்? ஒப்பந்தக்காரர் பெயர் என்ன? இ.எஸ்.ஐ. எண் என்ன? மணி அடித்தால் எந்த வழியாக வெளியே வந்து எங்கே கூட வேண்டும் என்று சொல்லித் தந்தார்களா? எண்ணெய் அல்லது வாயு உள்ள இடத்தில் வெல்டிங்கோ வெட்டும் வேலையோ தொடங்கும் முன் சோதித்து எழுத்தில் அனுமதி கொடுக்கிறார்களா?

கடைசி இரண்டு கேள்விகளுக்கும் "இல்லை" என்று பதில் வந்தால், அதைக் கேட்கும் உரிமை அவனுக்கு உண்டு என்று சொல்லுங்கள். போபாலுக்குப் பிறகு 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தியபோது, ஆபத்தான தொழில்களில் உயிருக்கு உடனடி ஆபத்து இருப்பதாகத் தொழிலாளி கருதினால் அதை நிர்வாகத்துக்கும் ஆய்வாளருக்கும் தெரிவிக்கும் உரிமையைச் சேர்த்தார்கள். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் வாயை மூடிக்கொள்ளும் இடத்தில்தான் பிறகு தீ பேசுகிறது. தனியாகக் கேட்கத் தயங்கினால் பத்துப் பேராகச் சேர்ந்து கேட்கலாம். ஜமாஅத் மூலமாகவும் எழுதலாம்.

ஓர் உயிரைக் காப்பது எவ்வளவு பெரிய நன்மை என்று நம் பிள்ளைகள் மதரஸாவிலேயே படித்திருக்கிறார்கள். ஆபத்து வந்தால் அவர்கள் சும்மா நிற்கமாட்டார்கள் என்பது நமக்குத் தெரியும். அந்த நல்ல மனத்தோடு, எந்த வால்வை மூடுவது, யாரை எங்கே அழைத்துப் போவது, எப்போது உள்ளே போகாமல் நிற்பது என்ற அறிவும் சேர்ந்தால், அவர்கள் பிறரையும் காப்பாற்றுவார்கள். தாங்களும் மாலையில் வீடு திரும்புவார்கள், இன்ஷா அல்லாஹ்.